கருக்கரிவாளும் கைக்கல்லும்

(ஏழாயிரம்பண்ணையில் உழவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், மின்விளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் கையில் பிடித்து உழைக்கும் கருவி சீர்கெட்டுக் கிடக்குமானால், அவ்வுழைப்பில் ஒரு பங்கு வீணாகிவிடுகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தகைய கருவிகளுள் ஒன்றாகிய கருக்கரிவாளைப் பற்றியும், அதன் பற்களைக் கையாலேயே தீட்டிக் கூராக்கும் முறையைப் பற்றியும் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

ஏழாயிரம்பண்ணை முன்னாளில் ஒரு பாளையமாக விளங்கிய ஊர். இதனைச் சுற்றியுள்ள நிலம் கரிசல். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிச் சோளமும் கம்பும் மக்காச்சோளமும் பயறு வகைகளும் மல்லியும் இவ்வட்டாரத்தில் விதைக்கப்படுகின்றன. தை, மாசி மாதங்களில் கதிரும் தட்டையும் அறுவடைக்கு வந்துவிடும். அறுக்கச் செல்லும் தாய்மார்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த அரிவாளையே கையோடு எடுத்துச் செல்கிறார்கள். நிலம் ஒருவருடையது; விளைவும் அவருடையது; அரிவாள் மட்டும் அறுப்பவருடையது. ஆகவே அது மழுங்கினால் வரும் நட்டமும் அறுப்பவரையே சேருகிறது.

அந்த நட்டம் எத்தகையது என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஓர் இழுப்பில் அறுபடவேண்டிய பிடி, மூன்று இழுப்பு வாங்குகிறது. தட்டை அறுபடாமல் வேரோடு கிளம்பி வருகிறது. முற்றிய கதிர் குலுங்கி மணி உதிர்கிறது. மாலையில் மணிக்கட்டும் தோளும் கடுக்கின்றன. விரலை வெட்டிக்கொள்வதும் மழுங்கிய அரிவாளால்தான் எளிதில் நேர்கிறது. ஏனெனில் அறுபடாத இடத்தில் நாம் மிகுந்த விசையுடன் இழுக்கிறோம். அலகு தண்டில் பற்றாமல் வழுக்கி, பிடித்திருக்கும் கையின் மேல் வந்து விழுகிறது.

மழுங்கிய கருக்கரிவாளுக்கு இன்று இரண்டு வழிகளே காணப்படுகின்றன. ஒன்று, பழைய இரும்புக் கடை. மற்றொன்று, மின்சாரத்தால் சுழலும் சாணைச் சக்கரம். முதல் வழியில் பணம் போகிறது. இரண்டாவது வழியில் பல் போகிறது. நம் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய கேடும் அதில் ஒளிந்திருக்கிறது. இவ்விரண்டையும் விடுத்த மூன்றாவது வழியொன்று உண்டு. ஒரு சாண் நீளமுள்ள கல், சிறிது நீர், கால் மணி நேரப் பொறுமை ஆகிய மூன்றுமே அதற்கு வேண்டும்.

பல்லின் இயல்பு

கருக்கு என்ற சொல்லை நமக்குத் தந்தது பனைமரம். பனைமட்டையின் இரு ஓரங்களிலும் கறுத்துக் கூர்மையாக நிற்கும் பற்களுக்குக் கருக்கு என்று பெயர். அத்தகைய பற்களை உடைய அரிவாளே கருக்கரிவாள். பல்லில்லாத அரிவாளின் வாய் முழுவதும் ஒரே கோடாகத் தண்டின்மேல் அழுந்துகிறது. பல்லுள்ள அரிவாளிலோ, நம் கையின் விசை அனைத்தும் சில முனைகளில் குவிகிறது. முனை முதலில் தண்டின் தோலைக் கிழிக்கிறது. முனைக்கு அடுத்துள்ள பள்ளத்தின் கூர்விளிம்பு தொடர்ந்து அறுக்கிறது. வழவழப்பான தண்டிலும் பல்லரிவாள் வழுக்காமல் பற்றுவதற்கு இதுவே காரணம்.

சோளம், கம்பு, நெல் முதலிய புல்லினப் பயிர்கள் மண்ணிலிருந்து சிலிக்கா என்னும் மணற்சத்தை உறிஞ்சித் தண்டிலும் தோகையிலும் சேர்த்து வைக்கின்றன. சோளத்தோகை கையை அறுப்பதற்கு அச்சத்தும் ஒரு காரணம். அதுவே அரிவாளின் வாயையும் சிறிது சிறிதாகத் தேய்க்கிறது. பல்லின் முனைதான் முதலில் தேயும்; பள்ளத்துக்குள் இருக்கும் விளிம்பு மறைவாக இருப்பதால் நெடுநாள் கூராகவே நிற்கும். இதனால்தான் கருக்கரிவாள் மற்ற அரிவாளைவிட நாள்பட உழைக்கிறது. ஆனால் முனையும் பள்ளமும் இரண்டும் மழுங்கிய பிறகு, அதனைத் தட்டையான கல்லில் தேய்ப்பதால் பள்ளத்துக்குள் கூர் ஏறுவதில்லை. இது கண்டே, கருக்கரிவாள் மழுங்கினால் பயனற்றது என்ற எண்ணம் மக்களிடையே பரவியிருக்கிறது. குறை அரிவாளில் இல்லை. அதற்கு ஏற்ற வடிவத்தில் கல் இல்லாமையே குறை.

பல்வைத்து அறுக்கும் கருத்து மிகப் பழமையானது. மேற்கு ஆசியாவில் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் சிறு கற்சில்லுகளை மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்துக் கதிரறுத்தார்கள் என்று தொல்பொருள் ஆய்வாளர் கூறுகின்றனர். நமக்கு அண்மையிலுள்ள வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையை ஒட்டிய மேட்டில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கியது. அங்கே கிடைத்த பொருள்களுள் நுண்கற்கருவிகளும் உண்டு. இரும்பைக் காணாத காலத்திலேயே கல்லைச் சில்லாக்கிக் கூர் கண்ட மக்கள் இம்மண்ணில் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று.

நம் காலத்திலும் பல்லரிவாளின் பெருமை குறையவில்லை. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், பெண்களின் கைக்கு ஏற்ற பிடியுடன், எடை குறைந்ததாக, பல்லுள்ள கதிரரிவாளை ‘நவீன்’ என்ற பெயரில் உருவாக்கிப் பரப்பியுள்ளது. கருவி எவ்வளவு செம்மையானதாயினும் தீட்டத் தெரியாத கையில் அது ஓரிரு பருவங்களிலேயே கிழமாகிவிடும்.

கல்லின் வரலாறு

நம் முன்னோர் வீட்டுத் தாழ்வாரத்தில் தீட்டுமரம் ஒன்றை வைத்திருந்தனர். வெங்கச்சங்கல்லை இடித்துப் பொடியாக்கி அம்மரத்தின்மேல் தூவி, அரிவாளை முன்னும் பின்னும் இழுத்துக் கூராக்கினர். தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது என்ற பழமொழி அங்குப் பிறந்ததே. பல்லில்லாத அரிவாளுக்கு அம்முறை இன்றும் போதுமானது. பல்லுக்கு மட்டும் அது எட்டாது.

கல்லின் கடினத்தை அளக்க, மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டில் ஒன்று முதல் பத்து வரை படிகள் வகுத்தார். அதில் வெங்கச்சங்கல் ஏழாம் படி. வைரம் பத்தாம் படி. நன்கு உரமேற்றிய எஃகு, வெங்கச்சங்கல்லுக்கு அருகில் நிற்கிறது. ஆதலின் வெங்கச்சங்கற்பொடி எஃகைத் தேய்க்கும். ஆனால் மெதுவாகவே தேய்க்கும். ஒன்பதாம் படியில் நிற்பது குருந்தம். ஆங்கிலத்தில் அக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர், நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்தே சென்றது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தக்கல் கிடைப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. அக்கல்லைப் பொடித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து, வட்டமாக்கிச் சாணை செய்வது நம் நாட்டுக் கைவினைஞர் கண்ட முறை. இரத்தினங்களுக்குப் பட்டை தீட்டியதும் அத்தகைய சாணையிலேதான்.

இக்காலத்துச் செராமிக் கல் அந்தப் பழங்கருத்தின் வளர்ச்சியே ஆகும். குருந்தத்தின் சத்தாகிய அலுமினாவையோ, 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின்னுலையில் ஆக்கிய சிலிக்கன் கார்பைடையோ நுண்பொடியாக்கி, அச்சில் அழுத்தி, குயவர் பானையைச் சூளையில் சுடுவது போன்று மிகுந்த வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். இத்தகைய கற்களைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. அச்சில் அழுத்திச் செய்வதால் இக்கற்களுக்கு வேண்டிய வடிவம் தரமுடிகிறது. உருண்டை, முக்கோணம், அரைவட்டம், நுனி சிறுத்து அடி பருத்தது எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. கருக்கரிவாளின் பள்ளத்துக்குள் நுழைவதற்கு வேண்டியது இந்த வடிவமே. இதனையே நாம் கைக்கல் என்று கூறுகிறோம்.

சுழல் சாணையின் கேடு

சைக்கிளில் சக்கரம் பொருத்தித் தெருத்தெருவாக வரும் சாணை பிடிப்பவர்களின் தொழிலை நாம் குறைத்துக் கூறவில்லை. பல்லில்லாத கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர்கள் கைத்திறன் பெரிதும் பயன்படுகிறது. ஆனால் கருக்கரிவாளைச் சுழலும் சக்கரத்தில் வைப்பதால் இரண்டு கேடுகள் விளைகின்றன.

முதலாவது, சக்கரத்தின் விளிம்பு அகலமானது. அது பள்ளத்துக்குள் புகாமல் முனைகளை மட்டும் மொட்டையாக்குகிறது. இரண்டு முறை சாணை பிடித்தால் கருக்கரிவாள் வெற்றரிவாளாகிவிடும். இரண்டாவது, பல் மெல்லியதாகையால் உராய்வில் உடனே சூடேறுகிறது. எஃகின்மேல் நீலநிறம் படருமானால் வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அவ்விடத்தில் கொல்லர் ஏற்றிய உரம் இறங்கிவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் ஒரு நாளும் நில்லாது.

மின்சாரச் சாணையின் வேகத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆறு அங்குல விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால், அதன் விளிம்பு ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் தூரம் ஓடுகிறது. நம் கை கல்லைத் தள்ளும் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த வேகத்தில்தான் பொறி பறக்கிறது. பறப்பது எரியும் எஃகுத்துகள். அதன் வெப்பம் ஆயிரம் டிகிரியைக் கடக்கும். மற்ற ஊர்களில் அது கண்ணுக்கு மட்டுமே கேடு. நம் ஊர்ப்பக்கம் அது எங்கே சென்று விழுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது.

நெருப்புத் தொழில் நிகழும் வட்டாரம்

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழிலும் அதன் வழியே வளர்ந்த பட்டாசுத் தொழிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் இக்கரிசல் மக்களுக்குச் சோறிட்டன. இன்று ஒரே குடும்பத்தில் ஒருவர் காட்டு வேலைக்கும் மற்றொருவர் பட்டாசு ஆலைக்கும் செல்கிறார். ஒருவரே பருவத்துக்கு ஏற்ப இரண்டுக்கும் செல்வதும் உண்டு. எனவே அரிவாளும் மருந்தும் நம் வீடுகளில் மிக நெருங்கி வாழ்கின்றன.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோயிற்று. அது சாணைப்பொறியால் நேர்ந்ததன்று. ஆயினும், மருந்து இருக்கும் இடத்தில் ஓர் உராய்வுக்கும் ஒரு பொறிக்கும் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அது நமக்குக் காட்டிற்று. அந்நினைவோடு பின்வரும் செய்திகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

பட்டாசு ஆலையின் மருந்தறைக்குள் பொறி எழுப்பக்கூடிய இரும்புக் கருவிகள் செல்லலாகாது. மரம், பித்தளை, செம்பு ஆகியவற்றால் ஆன கருவிகளையே அங்குக் கையாளவேண்டும். ஆகவே அரிவாளோ, கத்தியோ, எவ்வளவு சிறியதாயினும் மடியில் வைத்துக்கொண்டு ஆலைக்குள் செல்லுதல் கூடாது. வயலிலிருந்து நேரே ஆலைக்குச் செல்பவர்கள் அரிவாளை வீட்டில் வைத்துவிட்டே செல்லவேண்டும். ஆலையில் திரி வெட்டும் பித்தளைக் கத்தி மழுங்கினால், அதனை அறைக்குள்ளேயே தேய்க்கத் தொடங்காமல் போர்மேனிடம் ஒப்படைக்க வேண்டும். அதனைத் தீட்டும் இடம் மருந்தும் திரியும் இல்லாத தனியிடமாக இருத்தல் அவசியம்.

கல்தூளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மணலோ கல்தூளோ மருந்துக் கலவையில் கலந்துவிட்டால், அக்கலவை சிறிய உராய்விலும் பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது. தீட்டிய கையிலும் சேலையிலும் வேட்டியிலும் ஒட்டியிருக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் அரிவாள் தீட்டியவர், கையைக் கழுவி உடை மாற்றாமல் ஆலைக்குச் செல்லக்கூடாது. அவ்வாறே, ஆலையிலிருந்து திரும்பியவர் மருந்து படிந்த உடையோடு தீட்ட உட்காரவும் கூடாது. வீடுகளில் பட்டாசு செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. அதனை எங்கேனும் செய்கிறார்கள் என்று அறிந்தால், அந்தத் தெருவில் சாணைச் சக்கரத்தைச் சுழற்ற ஒருபோதும் இடந்தரலாகாது.

நீர் விட்டு, மெதுவாக, கையால் தீட்டும்போது சூடு ஏறுவதில்லை, பொறி பறப்பதில்லை, தூளும் நீரோடு சேறாகிக் கல்லிலேயே தங்கிவிடுகிறது. கைக்கல்லை நாம் இங்கே பரிந்துரைப்பதற்குச் சிக்கனம் ஒரு காரணம். இந்தப் பாதுகாப்பு அதனினும் பெரிய காரணம்.

தீட்டும் முறை

முதலில் அரிவாளைக் கழுவவேண்டும். துருவும் பயிர்ப்பாலும் படிந்திருந்தால் செங்கற்பொடியிட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அலகின் ஒரு முகத்தில் மட்டும் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். மறுமுகம் மழமழப்பாக இருக்கும். இந்த வேறுபாட்டை அறிவதே இக்கலையின் பாதி. பள்ளமுள்ள முகத்தைப் பள்ளத்துக்குள் மட்டுமே தீட்டவேண்டும். அந்த முகத்தின்மேல் தட்டையான கல்லைத் தேய்த்தால் பற்கள் குட்டையாகிவிடும்.

அடுத்து, அரிவாளை அசையாமல் நிறுத்தவேண்டும். கெட்டியான பலகையொன்றின்மேல் ஈரச்சாக்கை விரித்து, பள்ளமுள்ள முகம் மேலே தெரியும்படி அலகை வைத்து, பிடியைப் பலகையோடு கயிற்றால் இறுகக் கட்டவேண்டும். அரிவாளின் முதுகு நம்மை நோக்கியும், வாய் நமக்கு அப்புறம் நோக்கியும் இருத்தல் வேண்டும். காலால் மிதித்துக்கொண்டு தீட்டுவது பழக்கமாயினும் அதனைக் கைவிடுதலே நலம்.

பின்னர்க் கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளம் கூரிய கோணமாக இருந்தால் முக்கோணக் கல். வளைவாக இருந்தால் உருண்டைக் கல். கல்லின் பருமன் பள்ளத்தின் அகலத்தைவிடச் சிறிது குறைவாக இருக்கவேண்டும். மிகுதியானால் பல்லின் இரு முனைகளையும் தின்றுவிடும். நுனி சிறுத்த கல்லாயின், பள்ளத்துக்குப் பொருந்தும் இடத்தை அதன் நீளத்திலேயே கண்டுகொள்ளலாம்.

கல்லை நீரில் நனைத்து, முதல் பள்ளத்தில் அதன் போக்கிலேயே படியவைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் நோக்கித் தள்ளவேண்டும். கல்லைப் பிடித்த கை எப்பொழுதும் முதுகுப் பக்கமே இருக்கட்டும். வாயைத் தாண்டிச் செல்லவேண்டாம். பலமாக அழுத்துதல் வேண்டா; கல்லின் கடினமே வேலையைச் செய்துகொள்ளும். ஒரு பள்ளத்துக்கு நான்கு தள்ளல் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் பள்ளம் வரை நான்கே தரவேண்டும். ஒன்றுக்கு மிகுதியாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் தந்தால் பற்கள் ஒழுங்கு கெட்டு, உயர்ந்த பல் மட்டுமே தண்டில் படும்.

பள்ளத்துக்குள் கூர் ஏறியதும், மறுமுகத்து ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். விரல்நுனியை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். வாயின் நீளத்தில் விரலை ஓட்டலாகாது. எல்லாப் பள்ளங்களிலும் பிசிறு எழுந்த பிறகு, அரிவாளைத் திருப்பி, மழமழப்பான முகத்தில் கல்லை ஏறத்தாழப் படுத்தாற்போல் வைத்து, இரண்டு மூன்று முறை இலேசாக இழுத்தால் பிசிறு நீங்கிவிடும். அம்முகத்தில் கொல்லர் ஏற்கெனவே ஒரு சாய்வு வைத்திருந்தால் அந்தச் சாய்வையே பின்பற்றவேண்டும். உள்வளைந்த வாய்க்கு அரைவட்டக் கல்லின் புடைத்த பக்கம் நன்கு பொருந்தும்.

பற்கள் கல் நுழையாத அளவுக்கு மிக நுண்ணியவையாக இருந்தால் என் செய்வது என்று கேட்கலாம். அப்போது பள்ளங்களைத் தொடவே வேண்டா. மழமழப்பான முகத்தை மட்டும் மேலே கூறிய வண்ணம் சீராகத் தீட்டினால் போதும். பள்ளத்தின் வரிகள் அலகின் உள்ளே நீண்டு செல்கின்றன. ஆதலின் மறுமுகத்தில் சிறிது தேயத்தேய, விளிம்பில் புதிய பல் தானே தோன்றும். வரி உள்ளவரை பல்லும் உண்டு.

கூரைக் கட்டைவிரலில் பார்க்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். காய்ந்த சோளத்தோகை ஒன்றைத் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுபட்டால் வேலை முடிந்தது. உடனே அலகை நன்கு துடைத்து, சிறிது எண்ணெய் தடவி, சாக்குத்துணியில் சுற்றிக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் செருகி வையுங்கள். வேலைக்குச் செல்லும் வண்டியிலும் பேருந்திலும் அரிவாளுக்கு உறை இருப்பது நல்லது.

கல்லையும் பேணவேண்டும். தீட்டத் தீட்ட அதன்மேல் இரும்புத்துகள் அடைத்துக் கறுப்பாகும். அப்போது அது தேய்க்காமல் வழுக்கும். சோப்பும் நாரும் கொண்டு நீரில் தேய்த்தால் மீண்டும் பழைய நிலையை அடையும். கடினமான பொருளாயினும் அது பானையின் இனமே. கீழே விழுந்தால் உடையும்.

இதே முறை வீட்டிலும் கடையிலும் பயன்படும். அரிவாள்மணையின் நுனியில் தேங்காய் துருவும் பற்கள் மழுங்கினால், முக்கோணக் கல்லால் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இரண்டு தள்ளல் தந்தால் போதும். தேநீர்க் கடையில் ரொட்டி வெட்டும் பல்கத்தியின் அகன்ற பள்ளங்களுக்கு உருண்டைக் கல் பொருந்தும். அதிலும் பள்ளமுள்ள முகம் ஒன்று, மழமழப்பான முகம் ஒன்று என்னும் விதி மாறுவதில்லை.

கொல்லர் பட்டறை

கைக்கல் வந்துவிட்டால் கொல்லருக்கு வேலை இல்லாமற் போகுமோ என்று சிலர் அஞ்சலாம். அவ்வாறில்லை. பல பருவங்கள் தீட்டியபின் பள்ளத்தின் வரிகளே தேய்ந்துவிடும். அப்போது அரிவாளை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, உளியால் ஒவ்வொரு வரியாகப் புதிய கருக்கு வெட்டி, மீண்டும் காய்ச்சி நீரில் தோய்த்து உரமேற்ற வேண்டும். அது கொல்லரின் கையாலன்றி நடவாது. எத்தனை சூட்டில் தோய்க்கவேண்டும், எந்த நிறம் வந்ததும் எடுக்கவேண்டும் என்ற அறிவு தலைமுறை தலைமுறையாக அந்தப் பட்டறைகளில் வளர்ந்தது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழ் அத்தகைய அறிவால் வந்ததே. ஒவ்வொரு முறையும் மலிவான புதிய அரிவாளை வாங்கிப் பழையதை எறிந்துவிட்டால், நம் ஊர்ப் பட்டறையின் உலை அணைந்துவிடும். நல்ல எஃகில் அடித்த ஓர் அரிவாளை வாங்கி, இடையிடையே நாமே தீட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொல்லரிடம் கருக்கு வைத்துக்கொண்டால், அறுப்பவருக்கும் நன்மை, அடிப்பவருக்கும் நன்மை.

குழு செய்யவேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று வடிவக் கற்களை வாங்கி வைப்பது இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று தமிழகத்தின் எல்லாச் சிற்றூர்களிலும் வேரூன்றியிருக்கிறது. கடன் வாங்குவதற்கும் சேமிப்பதற்கும் கூடும் அக்குழுக்கள், கருவிகளைப் பேணுவதற்கும் கூடலாம். ஒரு குழுவுக்கு முக்கோணக் கல் ஒன்று, நுனி சிறுத்த உருண்டைக் கல் ஒன்று, அரைவட்டக் கல் ஒன்று, கயிற்றோடு கூடிய பலகை ஒன்று ஆகியவை இருந்தால் போதும். அறுவடைக்கு முன்னதாக, மார்கழி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, ஊர்ப் பொதுவிடத்தில் எல்லோரும் தம் அரிவாள்களைக் கொண்டுவந்து தீட்டிக்கொள்ளலாம். கை பழகியவர் பழகாதவருக்குக் கற்றுக்கொடுப்பார். அந்த இடம் தீப்பெட்டி, பட்டாசு வேலை நிகழும் எந்தக் கட்டடத்துக்கும் அருகில் இல்லாதவாறு பார்த்துக்கொள்வது குழுத்தலைவியின் பொறுப்பாகும்.

நிலவுடைமையாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறோம். அறுப்பவரின் அரிவாள் கூராக இருந்தால் உங்கள் கதிர் உதிராமல் களத்துக்கு வந்து சேருகிறது; வேலையும் விரைந்து முடிகிறது. ஆதலின் தீட்டுவதற்கு ஆகும் நேரத்தை வேலை நேரமாகவே கருதுங்கள். நண்பகல் உணவுக்குப் பின் ஒரு கால் மணி நேரம் வரப்போரத்தில் கல்லும் நீரும் கிடைக்குமாறு செய்யுங்கள். அதனால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

தாய்மார்களே! நாள் முழுவதும் குனிந்து அறுக்கும் உழைப்பை ஒரு கல் இல்லாமல் செய்துவிடாது. ஆனால் அவ்வுழைப்பில் வீணாகும் பங்கை அது குறைக்கும். மணிக்கட்டின் நோவைத் தணிக்கும். ஒரு பருவத்து அரிவாள் விலையை உங்கள் முந்தானையிலேயே நிறுத்தி வைக்கும். பொறி பறக்கும் சக்கரத்தை உங்கள் தெருவிலிருந்து அப்பால் வைக்கும். இந்த மார்கழியிலேயே உங்கள் குழுக்கள் இதனைத் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, எம் உரையை நிறைவு செய்கிறோம்.